ஏழு கிலோமீட்டர் கொல்லைப்புறம்

கணவாய்ப்பட்டில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வந்து நடந்து பார்க்கலாம், எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நாயக் பதவியில் இருந்த கோதண்டன் பதினேழு வருடப் பட்டாளத்தை முடித்துக்கொண்டு, இரும்புப் பெட்டியும் சுருட்டிய மெத்தையுமாகப் பங்குனி வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று, அவன் வீட்டு அடுப்படிக் கதவிலிருந்து கொல்லைப்புறத்து முருங்கை மரம் வரைக்கும் பன்னிரண்டு தப்படி இருந்தது. கூரைக்குக் கீழே மூச்சு முட்டுகிறது என்று சொல்லி அந்த மரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டான். சித்திரை பிறந்தபோது கட்டிலுக்கு ஐம்பது தப்படி நடக்க வேண்டியிருந்தது, வைகாசியில் இருநூறு, ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முழுசாக ஒரு கிலோமீட்டர்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் கிடையாது. பக்கத்து வீட்டு மாடியில் ஏறி நின்றால் கட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரியும், கோதண்டன் துண்டை உதறிக் காயப்போடுவது தெரியும், துண்டில் எத்தனை ஓட்டை என்று எண்ணிக்கூடச் சொல்லலாம். அந்த வீட்டுக்காரர் இது என்ன பெரிய விஷயம் என்று மதிலேறிக் குதித்தார், குதித்த இடத்திலிருந்து கட்டிலுக்குப் போய்ச் சேர அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, போனவரைக் கோதண்டன் மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டு அனுப்பினான். திரும்பி வரும்போது இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஆனது என்று அவர் சொன்னார்.

நாங்கள் ஆச்சரியப்படவில்லை. முந்நூறு வீட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு பத்தோ பதினைந்தோதான் என்கிற ஊரில், பெண் கொடுக்கும்போது பையன் எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டுவிட்டு அப்புறம் ஜாதகம் பார்க்கிற ஊரில், போய்த் திரும்புகிறவர்கள் எதையாவது கொண்டுவருவார்கள் என்பது தெரிந்த சங்கதி. ஒருத்தர் கம்பளி கொண்டுவருவார், ஒருத்தர் இந்தி கொண்டுவருவார், கோதண்டன் தூரத்தைக் கொண்டுவந்தான், அவ்வளவுதான். சர்க்கரை வியாதிக்காரர்கள் லாரி வராத இடம் கிடைத்ததென்று காலையில் கோதண்டன் கொல்லைப்புறத்தில் நடைப்பயிற்சிக்குப் போனார்கள். ஆடுகளுக்குப் புதுப் புல் கிடைத்தது. பாதி வழியில் ஒருவர் கீற்றுக் கொட்டகை போட்டு டீ விற்க ஆரம்பித்தார், பஞ்சாயத்துக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், அதற்குத் திறப்பு விழாவும் நடந்தது. இவ்வளவு பேரும் சசிரேகாவின் அடுப்படி வழியாகத்தான் போய் வர வேண்டும் என்பதால் அவள் ரசம் வைக்கும்போது ஊரே மிளகு வாசத்தில் தும்மியது.

சசிரேகா கோதண்டனின் மனைவி. ஒன்பது வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மூன்றடுக்குத் தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு தினமும் நடக்கிறவள் அவள்தான். மற்றவர்களுக்கு அது வேடிக்கை, அவளுக்கு அது கணக்கு இல்லாத பயம். கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடும் கோதண்டன் குழம்பு நன்றாக இருக்கிறது என்பான், பாப்பா படிக்கிறாளா என்பான், ஆனால் எங்கேயோ ஒரு ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம் கேட்டாலும் அவன் கை சோற்றில் நின்றுவிடும். அன்று தரை சத்தமில்லாமல் ஒரு முழம் நீளும்.

"நீங்களே எழுந்து வரக் கூடாதாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வராம இன்னா, தெனமும் வர்றேன் சசி. நான் வர வர அடுப்படி போய்கினே கீது. நீங்கதான் எல்லாரும் தூரமாப் பூட்டீங்க."

ஆடித் திருவிழாவில் அம்மன் வாசலில் யாரோ சரவெடி கொளுத்தியபோது கொல்லைப்புறம் ஒரே உலுக்கில் நானூறு தப்படி நீண்டது. சசிரேகா அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று யோசித்தாள். ஒரு சரவெடிக்கு நானூறு தப்படி என்றால், முந்நூறு வீடும் வெடிக்கும் தீபாவளிக்கு எவ்வளவு. ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. காலையில் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர முடியாத தூரத்துக்கு அவன் போய்விட்டால், அப்புறம் உயிரோடு ஒரு புருஷன் இருந்தும் அவனைப் பார்க்க முடியாதவளாக அவள் இருந்துவிட வேண்டியதுதான். தீபாவளிக்கு முன்னால் இதற்கு வைத்தியம் பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் டவுனுக்குப் போய், பட்டாளத்துக்காரர்களுக்கென்று இருக்கிற மருத்துவமனையில் வரிசையில் நின்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கெட்டவர் இல்லை, தலைதான் நிமிரவில்லை.

"நோயாளி எங்கம்மா?"

"கொல்லைல கீறாரு சார்."

"நேர்ல வரணும். கைரேகை வைக்கணும்."

"வர முடியாதுங்க. தூரம்."

"எந்த ஊரு?"

"கணவாய்ப்பட்டு."

"அது பதினெட்டு கிலோமீட்டர்தானே, நேர் பஸ் இருக்கே."

"ஊரு பதினெட்டுதாங்க. அதுக்கு மேல எங்க கொல்ல ஒண்ணரைக் கிலோமீட்டரு."

அவர் தலை நிமிர்ந்தது. ஆனால் அதுவும் ஆச்சரியத்தில் இல்லை; எந்தப் படிவம் என்று யோசித்தார். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் நோயாளியைச் சேர முடியும் என்று வருவாய்த் துறை எழுதிக் கொடுத்தால் டாக்டர் வீட்டுக்கு வரலாம் என்று ஒரு விதி மலைக் கிராமங்களுக்காக இருந்தது. "ஒண்ணரைக்கு ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மனநல மருத்துவர் எஸ்தர் வியாழக்கிழமை மட்டும் வருகிறவர், மூன்று மாவட்டத்துக்கு அவர் ஒருத்திதான். சசிரேகா ஜன்னலில் பேசியதை வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, அவளை உள்ளே கூப்பிட்டார். கோதண்டனைப் பற்றி, எப்போதிலிருந்து, எப்படி, எந்தச் சத்தத்துக்கு என்று அரை மணி நேரம் விசாரித்தார். தூரம் என்று சசிரேகா சொன்னபோது ஒரு தடவைகூட, அது எப்படி, என்று கேட்கவில்லை.

"இது உங்க வீட்டுல மட்டும் நடக்குறது இல்லம்மா. வைத்தியம் இருக்கு. நாளாகும், ஆனா இருக்கு. நீங்க சோறு கொண்டு போறத மட்டும் நிறுத்திடாதீங்க. பட்டாளத்துல என்ன நடந்துச்சுன்னு நீங்களா கேக்க வேணாம்."

"நீங்க வருவீங்களா டாக்டரம்மா?"

"காகிதம் வந்தா மறுநாளே வருவேன்."

வைத்தியம் இருக்கு என்ற வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு சசிரேகா ஊர் திரும்பினாள். ஆனால் நம் ஊரில் பெண் ஒருத்தி டவுனுக்குப் போய் மனநல டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் அவள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னால் சேதி இறங்கிவிடும். முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு அது சுருக்கென்று தைத்தது.

சங்கத்தின் தலைவர் சுபேதார் முனிரத்தினம், எழுபத்து மூன்று வயது, இஸ்திரி கலையாத சட்டை, ஊரின் நாலு தெருவுக்கும் கேட்கிற குரல். வீட்டில் அவர் "காப்பி" என்று கத்தினால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் அவருக்குக் காபி நேரம் என்று தெரிந்துகொள்வார்கள். கட்டளையிட்டுப் பழகிய தொண்டை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

"பைத்தியக்கார டாக்டருகிட்ட போற அளவுக்கு நம்ம ஊரு பையனுக்கு இன்னா ஆச்சு?" என்று சங்கத்தில் கேட்டார். "நாம பாக்காததா? நமக்கெல்லாம் ஒண்ணும் ஆவலியே. தனியா குந்திகினு கீறான், அதான். பட்டாளம் வந்து கூப்ட்டா எழுந்து வந்துடுவான்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். வேறெந்த ஊராவது மந்திரவாதியைக் கூப்பிட்டிருக்கும், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டியிருக்கும். எங்கள் ஊருக்கு ஒரு மனிதனிடம் போக ஒரே வழிதான் தெரியும், வரிசையில் நின்று கால் மாற்றாமல் போவது. ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுபத்திரண்டு பேர், மெடல் குத்திக்கொண்டு, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, தாரை தப்பட்டையோடு சசிரேகாவின் அடுப்படிக்குள் ஒவ்வொருவராகப் புகுந்து, இட்லிப் பானையைச் சுற்றிக்கொண்டு வெளியே போய், கொல்லைப்புறத்தில் மூன்று வரிசையாக நின்றார்கள். சசிரேகா வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று சொன்னது தப்பட்டைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முனிரத்தினம் ஆணையிட்டார், நூற்றிருபத்து நாலு பூட்ஸ் ஒரே நேரத்தில் தரையில் இறங்கியது.

தூரத்தில் கோதண்டன் கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்தான். விறைத்து நின்றான், சல்யூட் அடித்தான், அடித்த கை இறங்காமல் நின்றபடியே பின்னால் போனான். அவன் கால் அசையவில்லை, முருங்கை மரமும் கட்டிலும் அவனுமாகச் சேர்ந்து போனார்கள். இவர்கள் நடந்தார்கள், டீக்கடையைத் தாண்டி நடந்தார்கள், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நடந்தார்கள், உச்சி வெயில் வரைக்கும் நடந்தார்கள், கட்டில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது தெரிந்தபடியே இருந்தது. கடைசியில் முதல் வரிசையில் ஒருவருக்கு மயக்கம் வந்துவிட, அவரைத் தூக்கிக்கொண்டு கால் கொப்புளத்தோடு திரும்பினார்கள். அன்று சசிரேகா சோறு எடுத்துக்கொண்டு போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. போனபோது கோதண்டன் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தான், அந்தக் கை நெற்றியிலேயே இருந்தது. அவள் அதை எடுத்து இறக்கிவிட்டாள்.

வரும்போது அழுதுகொண்டே வந்தாள், ஆனால் வீட்டில் நிற்கவில்லை, நேராகக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அளந்து எழுதிக் கொடுங்கள் என்று மனு எழுதினாள். சங்கத்துக்காரர்கள் செய்த ஒரே உபகாரம் அந்தத் தூரம்தான்.

புரட்டாசி முடியும்போது சர்வேயர் பர்வீன் வந்தாள். முப்பது வயதுக்காரி, தலையில் முக்காடு, முக்காட்டுக்கு மேல் வெயிலுக்கு ஒரு தொப்பி, தோளில் நிலம் அளக்கிற சங்கிலி. இரண்டு நாள் அளந்தாள். ஏழு கிலோமீட்டர் முந்நூற்று நாற்பது மீட்டர். பேனாவை எடுத்தவள் எழுதாமல் நிறுத்தினாள்.

"அக்கா, ஒரு சிக்கல் இருக்கு. ஒருத்தர் எடம் கூடிச்சுன்னா இன்னொருத்தர் எடம் கொறையணும். எங்க வேலையில அதுதான் சட்டம். எங்க கொறஞ்சிருக்குன்னு பாக்காம கையெழுத்துப் போட்டா நாளைக்கு என் வேலை போயிடும்."

சரியென்று பக்கத்து வீட்டை அளந்தாள், வெளிமதில் பட்டாவில் இருக்கிறபடியே இருந்தது. கோதண்டன் வீட்டிலும் வெளிமதில் சரியாகத்தானே இருக்கிறது, உள்ளேதானே கூடியிருக்கிறது என்று, பக்கத்து வீடு கட்டிய வரைபடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அளந்தாள். அந்த வீட்டுக்காரர் கார்கில் சண்டைக்குப் போய் வந்தவர். அவர் படுக்கிற அறையில் கட்டிலுக்கும் மனைவி படுக்கிற பாய்க்கும் நடுவே வரைபடத்தில் மூன்றடி, சங்கிலியில் ஒன்பதடி. பர்வீன் இரண்டாவது தடவை அளந்தாள். ஒன்பதடிதான்.

அடுத்த வீட்டில் சாமி அறை வாசலில் நாலடி கூடுதல். அதற்கு அடுத்ததில் தெருக்கதவிலிருந்து நாற்காலிக்குப் பதினோரடி கூடுதல். குறைந்த வீடு என்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இருக்கிற வீடு எல்லாவற்றிலும் எங்கேயோ ஓரிடத்தில் இடம் கூடியிருந்தது, அந்தந்த வீட்டுப் பெண்கள் அதில் கல்யாணமான நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தார்கள், முழங்கால் வலி என்று எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். சேதி சங்கிலிக்கு முன்னால் ஓடியது. ஆண்கள் கதவைச் சாத்தினார்கள், பெண்கள் திறந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் இப்படி ஒரு கலவரம் நடந்ததில்லை.

முனிரத்தினம் தன் வீட்டு வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இங்க எதுவும் அளக்க வேணாம்மா. இது சுபேதார் வூடு."

அவர் மனைவி பூஷணம் உள்ளேயிருந்து வந்தாள். ஐம்பது வருடத்தில் வாசலில் நின்று அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவர் கைக்குக் கீழே குனிந்து வந்து, பர்வீனிடம் சங்கிலியின் ஒரு முனையை வாங்கினாள்.

"இத்த நான் புடிச்சிக்கறேன். நீ அடுப்படிக்குப் போ தாயி."

கூடத்து நாற்காலியிலிருந்து அடுப்படிக்கு வரைபடத்தில் பதினெட்டடி. சங்கிலியில் நூற்றுப்பத்து. இவ்வளவு வருடமாக அவர் காபிக்குக் கத்தியது தொண்டைக் கொழுப்பில் இல்லை, அவ்வளவு கத்தினால்தான் அவளுக்குக் கேட்கும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பூஷணம் சங்கிலியைக் கீழே வைத்தாள்.

"நமக்கு ஒண்ணும் ஆவலன்னு ஊரெல்லாம் சொல்லிகினு வந்தியே," என்றாள். "உனக்கு ஆவல. நடந்தவ நானு."

முனிரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுக்க அந்த வீட்டிலிருந்து காபி என்ற சத்தம் வரவில்லை.

பர்வீன் சான்றிதழில் இப்படி எழுதினாள்: தூரம் சரியே, எந்த அண்டை வீட்டாரின் இடமும் இதனால் குறையவில்லை, கிராமம் முழுவதும் இந்நிலை உள்ளது. முத்திரை குத்திக் கொடுத்தாள். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாளே வருவேன் என்ற டாக்டர் எஸ்தர் மறுநாளே வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைப்பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகச் சசிரேகாவோடு கொல்லைப்புறத்தில் இறங்கினார். டீக்கடை வரைக்கும் ஒன்றுமில்லை. அதற்கு அப்பால் அவர் ஒரு அடி வைத்தால் கட்டில் ஒரு அடி பின்வாங்கியது. சசிரேகா தனியாகப் போனால் போக முடிந்தது. புது ஆள் கூட வந்தால் முடியவில்லை. டாக்டர் நின்றார். வற்புறுத்தவில்லை.

"என்னை அவருக்குத் தெரியாதுல்ல. தெரிஞ்சவங்க யாராவது முன்னால போகணும். அவர்கிட்ட எதையும் மறைக்காத ஒருத்தர்."

அப்போது பின்னால் யாரோ நடந்துவரும் சத்தம் கேட்டது. முனிரத்தினம். லுங்கி, பனியன், வெறுங்கால். மெடல் இல்லை. எழுபத்து மூன்று வயதுக்காரருடைய சாதாரண நடை, இடது கால் கொஞ்சம் இழுத்தது. அந்தக் கால் இழுக்கும் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது, வரிசையில் நடக்கும்போது மறைத்திருக்கிறார்.

"நான் போறேன்," என்றார் சசிரேகாவிடம். "நீ சோத்த எடுத்துகினு கூட வாம்மா."

இருவரும் நடந்தார்கள். டீக்கடையைத் தாண்டி வெகுதூரம் போய், குரல் கேட்கும் தூரத்தில் கட்டில் மறுபடி பின்வாங்கத் தொடங்கிய இடத்தில் முனிரத்தினம் நின்றார், நின்று யோசித்து, கோதண்டனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முகம் இந்தப் பக்கம், அடுப்படியைப் பார்த்து. கட்டிலும் நின்றது. சசிரேகா நடுவில் உட்கார்ந்தாள். அவர் பேசியது எல்லாவற்றையும் அவள் கேட்டாள், பிறகு அவர் அனுமதியோடு எங்களுக்கும் சொன்னாள்.

"கோதண்டா, நான் ஒண்ணும் கூப்ட வரல. எழுபத்தொண்ணு சண்டைல ஒரு கடுகு வயலு. எனக்கு இருவது வயசு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தலை தூக்க முடியாம படுத்துகினு கீறோம். எனக்குப் பக்கத்துல குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருத்தன், வயித்துல அடி. தண்ணி கேட்டான். எங்கிட்ட தண்ணி இருந்திச்சு. கேட்டுகினே இருந்தான். அப்பறம் கேக்கல." அவர் இழுக்கிற காலை நீட்டிக்கொண்டார். "பொண்டாட்டி தண்ணி குடுத்தா கையில வாங்க மாட்டேன். கீழ வெச்சிட்டுப் போவச் சொல்லுவேன். ஏன்னு அவளும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. நமக்கு ஒண்ணும் ஆவலன்னு சொன்னது பொய்யிடா."

காற்று இல்லை. வெயில் அடித்தது. சசிரேகா தூக்கின் பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ தூரம் சாப்?" என்று கோதண்டன் கேட்டான். பட்டாளத்தில் சுபேதாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆறடி. ஆறடிதான். நான் போவல."

கோதண்டன் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து சொன்னான்: "எனக்கு நாப்பதடி சாப். வண்டி எரிஞ்சிகினு இருந்திச்சு. உள்ள இருந்து என் பேரச் சொல்லிக் கூப்ட்டான்."

அவ்வளவுதான் சொன்னான். முனிரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, நீ என்ன பண்ணுவ, ஆர்டர் அப்படி, என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு கோதண்டன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் பார்த்தான்.

"அது யாரு சசி, வெயில்ல நிக்கறது?"

"டாக்டரம்மாங்க. உங்களப் பாக்கத்தான்."

"ஒரு பொம்பளைய இவ்ளோ நேரமா வெயில்ல நிக்க வெச்சிட்டீங்களே. வரச் சொல்லு."

டாக்டர் எஸ்தர் நடந்து போனார். இந்தத் தடவை கட்டில் அசையவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் அவனோடு பேசினார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், அடுத்த வாரம் எப்போது வரட்டும் என்று அவனையே கேட்டார். திரும்பி வரும்போது அடுப்படி ஆறே முக்கால் கிலோமீட்டரில் இருந்தது என்று பர்வீன் அளந்து சொன்னாள்.

தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று சங்கம் தீர்மானம் போட்டது. கம்பி மத்தாப்பும் சங்குச்சக்கரமும் போதும் என்று முனிரத்தினம் நாலு தெருவிலும் கத்திச் சொன்னார். ஊர் கேட்டது, அடுத்த ஊர் கேட்குமா. அங்கே வெடித்த ஒரு அணுகுண்டுக்குக் கொல்லைப்புறம் முந்நூறு தப்படி நீண்டது, சசிரேகா அன்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு நாளில் அதில் இருநூறு தப்படி திரும்பி வந்தது. ஏறும், இறங்கும், மொத்தத்தில் இறங்கும், என்று டாக்டர் சொல்லியிருந்தார். மொத்தத்தில் இறங்கியது.

இதற்குள் வியாழக்கிழமைகளில் வேறொரு கூத்து நடந்தது. கோதண்டனைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு அறுபது வயதும் எழுபது வயதுமாக ஆண்கள் சசிரேகாவின் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்கள், டாக்டர் திரும்பி வரும்போது, அதுவந்து டாக்டரம்மா, எனக்கு இல்ல, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு, என்று ஆரம்பித்தார்கள். அடுப்படியில் தோசை சுட இடமில்லை என்று சசிரேகா விரட்டினாள். முன்னாள் படைவீரர் சங்கம் அறுபத்திரண்டு கையெழுத்துப் போட்டு, ஒவ்வொருவரும் பெயர், பதவி, பட்டாள எண் எழுதி, கணவாய்ப்பட்டுக்கு மாதம் இரண்டு வியாழக்கிழமை டாக்டர் வேண்டும் என்று மேலே மனு அனுப்பியது; மனு எழுதுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. தப்பட்டை வைத்திருந்த அறையைக் காலி செய்து டாக்டருக்கு மேசை போட்டார்கள். முதல் ஆளாக உள்ளே போனவர் முனிரத்தினம். பூஷணம் இன்னும் நடக்கத்தான் செய்கிறாள், ஆனால் எண்பதடிதான்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நண்பகல். கட்டில் அப்போது மூன்று கிலோமீட்டரில் இருந்தது. சசிரேகா குழம்பு கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, கொல்லைப்புறத்தில் தூரத்தில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. வாக்கிங் போகிறவர்கள் என்று நினைத்தாள். அந்த நடையைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஓடத் தோன்றியது. எட்டு மாதமாக இந்தத் தரையில் நடந்த கால் அவளுடையது, கண்ணை மூடிக்கொண்டுகூட ஓடிப் போய்ப் பாதி வழியில் அவனைப் பிடித்திருப்பாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தும் விட்டாள். பிறகு அந்தக் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். இத்தனை நாள் அவள் நடந்தாள், இந்த நடை அவனுடையது, இதில் ஒரு தப்படியைக்கூடத் தான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நடுவில் இரண்டு தடவை நின்றான். ஒரு தடவை உட்கார்ந்துகூட விட்டான். அவள் குழம்பை இறக்கினாள், ஆறியது, மறுபடி ஏற்றினாள், ஆறியது, மறுபடி ஏற்றினாள். பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்து ஓய்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கோதண்டன் அடுப்படிக் கதவில் வந்து நின்றான். முழங்கால் வரைக்கும் சேறு. மூச்சு வாங்கியது. சட்டியை எட்டிப் பார்த்தான்.

"இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா," என்றாள் சசிரேகா. மனையை இழுத்துப் போட்டு மறுபடியும் சொன்னாள். "கத்திரிக்காங்க. ரெண்டு வாட்டி சூடு பண்ணிட்டேன், மூணாவது வாட்டி என்னால ஆவாது. உக்காருங்க."

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான்.